எங்கள் வீட்டுச் சனிக்கிழமைப் படம்

வீட்டில் படம் போட்டுக் காட்டுகிறவளுக்குப் படம் பார்க்கக் கிடைக்காது. வீடியோ டெக்குக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, பார்க்கிறவர்களின் முகங்களைப் பார்ப்பதுதான் அவள் தொழில். சம்பளமும் இல்லை.

கணவரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கைக்குழந்தையோடு பொழுதுபட முன்னமே கதவைப் பூட்டுகிற சகோதரிகளுக்கு, நான் ஏன் இந்த வேலையைத் தொடங்கினேன் என்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பயம். என் மகளுக்கு எட்டு மாதத்தில் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. திரும்பவும் வரலாம், காய்ச்சல் கண்டால் ஈரத்துணியால் துடைத்து உடனே கொண்டு வாருங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நாரந்தனையில் எங்களுடையது ஒழுங்கையின் கடைசி வீடு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒருவரும் இல்லை. வெளிநாட்டிலிருந்து என் கணவர் அனுப்பிய ரீவியும் டெக்கும் வந்து இறங்கிய அன்றுதான் எனக்கு யோசனை வந்தது: படம் போட்டால் சனம் வரும். சனிக்கிழமை பின்னேரம் மட்டுமாவது நான் மூச்சு விடலாம்.

யன்னல் வகுப்பு

வீட்டில் ஆம்பிளை இல்லாதபடியால் பெண்களும் பிள்ளைகளும் மட்டும் உள்ளே வந்து பாயில் இருப்பார்கள். ஆண்கள் வாசற்படி மிதிக்க மாட்டார்கள். முற்றத்தில் வாங்கைப் போட்டு அதில் குந்தியிருந்து யன்னல் கம்பிக்குள்ளால் பார்ப்பார்கள். உள்ளே வாருங்கள் என்று நானும் சொன்னதில்லை, வரட்டுமா என்று அவர்களும் கேட்டதில்லை.

யன்னல் வகுப்புக்குத் தலைவர் மரியாம்பிள்ளை அண்ணை, முப்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். ஒரு படத்தில் கதாநாயகன் வீசும் புயலில் காதலியைத் தேடிப் பாய்த்தோணியில் தனியே போகிறான். உள்ளே பெண்கள் மூக்கைச் சிந்துகிறார்கள். யன்னலால் ஒரு குரல் வந்தது: "உந்தக் காத்துக்குப் பாயை விரிச்சவனுக்குப் பொம்பிளை குடுக்கிறவனும் விசரன்தான்!"

ஓட்டிவிட்ட கலியாணம்

நான் கொன்வென்ரில் பத்து வருடம் படித்தவள். கட்டிலில் யாராவது பூவைத் தூவினாலே என் விரல் தன்பாட்டில் டெக்கின் பொத்தானுக்குப் போய்விடும். மாமிமார் இருக்கிறார்கள், குமர்ப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த இடம் கழியும் வரை விறுவிறென்று ஓட்டிவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை கொஞ்சம் தாராளமாக ஓட்டிவிட்டேன் போலிருக்கிறது. நிறுத்திய இடத்தில் கதாநாயகி இடுப்பில் குழந்தையோடு நின்றாள். ஒழுங்கை முகப்பு வீட்டுப் புவனேஸ்வரி அக்காதான் வாயைத் திறந்தா: "பிள்ளை, நீர் மறைக்கிறனெண்டு கலியாணத்தையும் எல்லே சேர்த்து ஓட்டிப்போட்டீர். இப்ப அவளைப் பற்றி நாங்கள் என்னெண்டு நினைக்கிறது?"

இருட்டுக்குள் அழுகை

அதே அக்கா ஒருமுறை பஸ் ஏறிப் பட்டணத்துத் தியேட்டருக்குப் போய் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தா. திரை வீட்டளவு, கதிரை முழுக்க மூட்டைப்பூச்சி, ஆனாலும் தான் அழுத அழுகையில் கடி தெரியவில்லை என்று ஒரு கிழமை கதைத்தா. பிறகு அந்தப் படமே பட்டணத்துக் கடையிலிருந்து வாடகை வீடியோக் கொப்பியாக என் கைக்கு வந்தது. எல்லாரும் அழ, அக்கா மட்டும் கல்லுப்போல இருந்தா. "என்னக்கா, ஒரு சொட்டும் காணேல்லை?" என்று கேட்டேன். "அங்கை இருட்டுக்கை அழுதால் ஆருக்குத் தெரியும்? இஞ்சை அழுதால் எனக்கு வீட்டிலை என்ன பிரச்சினையெண்டு நாளைக்கு ஊர் விசாரிக்குமெல்லே!"

எந்த ஹெலி?

சண்டைப் படம் ஒன்று. ஹெலிகொப்டர் வந்து சுட்டுவிட்டுப் போகிற யுத்த காலம் அது. நடுவில் ஹெலிச் சத்தம் கேட்டது. படத்திலா வெளியிலா என்று தெரியாமல் ஆளையாள் பார்த்துக்கொண்டு இருந்தோம். நான் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துவிட்டேன். யன்னலடியில் இருந்த தோட்டக்காரர் சிவராசா அண்ணை துள்ளி எழும்பினார்: "படத்து ஹெலியெண்டால் இதுக்குள்ளை பாட்டுத் தொடங்கியிருக்கும், மேசைக்குக் கீழை போங்கோ!"

குறை சொல்லாத படம்

மாரி தொடங்கிய கிழமை. காலையில் மகளின் உடம்பு கொஞ்சம் சுட்டது. மருந்து பருக்கினேன், தணிந்தது. சனத்தைத் திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். ஆனால் அன்றைக்குத்தான் எனக்குச் சனம் வேண்டியிருந்தது. படம் பாதி போயிருக்கும். மடியில் கிடந்த பிள்ளை சட்டென்று விறைத்தது. கண் மேலே போனது. என்ன செய்ய வேண்டும் என்று செபம்போலப் பாடமாக்கி வைத்திருந்த நான் கத்தியது மட்டும்தான்.

புவனேஸ்வரி அக்கா பிள்ளையைப் பறித்து ஒருக்களித்துக் கிடத்தினா. யாரோ சட்டையைக் கழற்ற, யாரோ ஈரத்துணியோடு வந்தார்கள். மரியாம்பிள்ளை அண்ணை அன்றைக்குத்தான் முதல்முறையாக எங்கள் வாசற்படியைத் தாண்டி வந்தார். "கத்தாதையும் பிள்ளை, தூக்கிக்கொண்டு வாரும்" என்றார். சிவராசா அண்ணை தோட்டத்திலிருந்து நேரே கொண்டுவந்து விட்டிருந்த உழவு மெசின் ஒழுங்கையில் நின்றது. அதன் பின்பெட்டிக்குள் பெண்கள், பின்னால் சைக்கிளில் ஆண்கள். படம் பார்க்க வந்த அவ்வளவு பேரும் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பாதி வழியில் விறைப்பு விட்டுப் பிள்ளை வீரிட்டு அழுதது. அதைக் கேட்டு அக்கா அழுதா, பின்னேர வெளிச்சத்தில், எல்லாருக்கும் முன்னால்.

இரண்டு நாள் அங்கே இருந்தோம். முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்தார்கள். இதை எழுதும்போது மகள் பக்கத்தில் குப்புறக் கிடந்து நித்திரை கொள்கிறாள். நான் இடைக்கிடை நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். சுடவில்லை. அந்த மனிதர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நாங்கள் திரும்பி வரமுதல் அந்தக் கொப்பி பட்டணத்துக் கடைக்குப் போய்விட்டது. பிறகு கேட்டும் கிடைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை யன்னலடிக்குப் போய், "அண்ணை, படத்தை அரைவாசியில் விடவேண்டி வந்திட்டுது, குறை நினையாதேங்கோ" என்றேன். எந்தப் படத்திலும் பத்துப் பிழை பிடிக்கிற மரியாம்பிள்ளை அண்ணை தலையைச் சொறிந்தார்: "அதுக்கென்ன, அது நல்ல படம் பிள்ளை. ஒரு பிழையும் சொல்ல ஏலாது."

நான் போட்ட படங்களுக்குள் ஊரே ஒருமுகமாக நல்லது என்று சொன்னது அது ஒன்றுதான். அதன் முடிவைப் பார்த்ததோ, நாங்கள் நிற்பாட்ட மறந்து ஓடிய வீட்டில் தனியே இருந்த சுவர்ப் பல்லி மட்டும்தான்.