கூட்டிப் பார்க்காத கணக்கு

ஆய்வேட்டைக் கொடுத்தாகிவிட்டது. அடுத்த வாரம் வாய்மொழித் தேர்வு. அந்த நேரம் பார்த்து என் தேற்றத்தைக் கவிழ்க்கும் உதாரணம் ஒன்றை நானே கண்டுபிடித்தேன். வேறு யாராவது கண்டுபிடித்திருந்தால் அவர்மேல் எரிந்து விழவாவது முடிந்திருக்கும்.

முடிவில்லாத களம் ஒன்றின் எண்களால் ஆன அணிகளை இன்னொரு குலத்துக்கு அனுப்பும் விதிகளைப் பற்றியது என் தேற்றம். களம் என்றால் கூட்டல், பெருக்கலோடு வகுத்தலும் நடக்கிற இடம்; குலத்தில் பெருக்கல் மட்டும்தான். விதி பெருக்கலை மதித்தால் போதும், வேறு நல்லொழுக்கம் எதுவும் கேட்பதில்லை. அப்படியும் அது தறிகெட்டு ஓட முடியாது. எண்களை வேறொரு களத்துக்கு மாற்றும், பிறகு பல்லுறுப்புக் கோவைகளின் வழியே போகும் என்று நிறுவியிருந்தேன். புது உதாரணமோ ஒவ்வொரு எண்ணோடும் அதன் வகைக்கெழுவை (சில களங்களில் எண்களுக்கும் அது உண்டு) ஒட்டி அனுப்பியது. ஒட்டுவதற்கு ஒரு குறி, தன்னோடு தன்னைப் பெருக்கினால் பூச்சியமாகிவிடும் குறி. எந்தக் களத்திலும் அதற்கு இடமில்லை. முடிவுள்ள களமாயிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது.

வீட்டிலிருந்தால் அம்மா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அதனால் அப்பாவின் லோரியில் ஏறிக்கொண்டேன். அவர் மலையிலிருந்து தேயிலைக் கொழுந்தை ஃபேக்டரிக்கு ஏற்றுகிறவர். மடியில் தாள் செருகிய எழுதும் அட்டையை வைத்து மறுபடியும் பெருக்கினேன்.

"கணக்கு சரியா வருதா?"

"சரியா வருதுப்பா. அதான் பிரச்சனை."

"சரியா வந்தா எதுக்குலா மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?"

ஃபேக்டரி வாசலில் லோரிகள் வரிசையாக நின்றன. பெருக்கிப் பெருக்கி அலுத்துப்போய், சும்மா கை வேலையாக இரண்டு எண்களைக் கூட்டிப் பார்த்தேன். கூட்டலும் பிசகாமல் வந்தது. குலங்களோடே குடித்தனம் நடத்துகிற எங்களுக்குப் பெருக்கலைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. மூன்று வருடமாக நான் கூட்டிப் பார்க்கவே இல்லை.

கூட்டலையும் பெருக்கலையும் காப்பாற்றினால் அது எண்களை ஒரு வளையத்துக்கு, அதாவது வகுத்தலைக் கட்டாயமாகக் கேட்காத இடத்துக்கு, மாற்றுகிற விதி. அவ்வளவுதான். உதாரணம் தேற்றத்துக்கு வெளியே இல்லை. நான்தான் வாசலைக் குறுக்கிக் கட்டியிருந்தேன். "களம்" என்பதை அடித்துவிட்டு "வளையம்" என்று எழுதினேன். நிறுவலில் வகுத்தலை நம்பியிருந்த இடம் ஒன்றே ஒன்று. வரிசை நகர்வதற்குள் அதையும் சரிசெய்துவிட்டேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

அப்பா திரும்பிப் பார்த்தார். "இப்ப தப்பா வந்துருச்சா?"

"இல்லப்பா. இப்பவும் சரியாத்தான் வருது."