மாட்டிவிடுவதும் கழற்றிவிடுவதும்

அடிபடாமல் இருப்பதற்கான சாமான்களை, அடிபடுவதென்றே முடிவு கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு விற்பதுதான் என் தொழில்.

கவுன்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. துணி விற்றாலும் மருந்து விற்றாலும் கால்வலி ஒன்றுதான். "வேற கலர் இல்லையா?" என்ற கேள்வியும் ஒன்றுதான். நான் விற்பது அமெரிக்கன் ஃபுட்பால் சாமான்கள். ஹெல்மெட், தோள் கவசம், பல்லைக் காப்பாற்ற வாய்க்குள் வைக்கிற கார்டு, தொடையிலும் முட்டியிலும் பஞ்சுப் பட்டை செருகிய கால்சட்டை, இப்படி. ஆக்லாந்தில் இந்த விளையாட்டை கிரிட்அயர்ன் என்பார்கள். ரக்பியைக் கும்பிடுகிற ஊரில் இதை ஆடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒனிஹங்காவில் இருக்கும் எங்கள் கடைக்கு வந்துதான் தலையைக் கொடுக்கிறார்கள்.

மனைவிக்கு ஆக்லாந்தின் வடக்குப் பக்கம், ஆல்பனியில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியவன் நான். அதற்கு முன் திருச்சியில் பைக் ஹெல்மெட் கடையில் சேல்ஸ்மேன். "எனக்கு ஹெல்மெட் தெரியும்" என்று நான் சொன்ன ஒரே வார்த்தையை நம்பி மெலே வேலை கொடுத்தார். மெலே கடை முதலாளி. டோங்கா தீவுக்காரர். ஒரு காலத்தில் இந்த விளையாட்டை ஆடியவர், இப்போது பெண்கள் அணி ஒன்றுக்குப் பயிற்சியாளர். சனிக்கிழமை தோறும் மைதானத்தில் அந்த அணியின் சாமான் பெட்டிக்குக் காவல் இருப்பதும் என் வேலையில் சேர்த்தி.

போகப் போக லூஸாயிடும்

திருச்சியில் யாரும் தலைக்காக ஹெல்மெட் வாங்கிப் பார்த்ததில்லை. முக்கில் நிற்கும் போலீஸுக்காக வாங்குவார்கள். இறுக்குகிறதே என்றால் "போகப் போக லூஸாயிடும் சார்" என்போம். தொளதொளவென்று ஆடுகிறதே என்றால் "நல்லா காத்துப் போகும் சார்" என்போம். இந்த இரண்டு வாக்கியத்தை வைத்துக்கொண்டு பல வருஷம் குடும்பம் நடத்தினேன்.

இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே மெலே ஒரு ஹெல்மெட்டை என் தலையில் இறக்கினார். காது மடங்கியது. கன்னம் இரண்டும் பிதுங்கின. முகத்துக்கு முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்து இடமும் வலமும் திருப்பினார். ஹெல்மெட் மட்டும் தனியாகத் திரும்பினால் சைஸ் தப்பு என்று அர்த்தம். நெற்றித் தோலும் கழுத்தும் சேர்ந்து திரும்பினால்தான் சரி. என் கழுத்து ஒழுங்காகச் சேர்ந்து திரும்பியது, சுளுக்கிக்கொள்ளாத குறை. "கொஞ்சம் டைட்டா இருக்கு, போகப் போக..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தேன். மெலே கழற்றிவிடவில்லை. கம்பியைப் பிடித்தபடியே சொன்னார்:

"சுகமா இருந்தா அது தொப்பி. கொஞ்சம் எரிச்சலா இருந்தாத்தான் அது ஹெல்மெட். இதோட இன்னும் கொஞ்ச நேரம் நில்லு. அப்புறம் மத்தவங்க தலையைத் தொடலாம்."

வழுக்கிய தலை

ஒரு வெள்ளிக்கிழமை, கடை மூடுகிற நேரத்தில் ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் மதுரா, ஆல்பனியில் கல்லூரிப் படிப்பு. மெலேயின் அணியில் பந்து எறிகிற இடத்துக்குத் தேர்வாகி இருந்தாள். அம்மா சிவமலர் அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், கிளென்ஃபீல்டில் வீடு. அவர் நர்ஸ். அதுவும் தலையில் அடிபட்டவர்களை வைத்திருக்கும் வார்டில். தான் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால்தான் மகள் ஆடலாம் என்று சொல்லிக் கூட்டி வந்திருந்தார்.

ஹெல்மெட்டை மாட்டிக் கம்பியைத் திருப்பினேன். கதவுக் குமிழ் மாதிரி சுற்றியது. ஒரு சைஸ் குறைத்தேன். அதுவும் சுற்றியது. மெலே வந்து பிடித்துப் பார்த்தார், அவருக்கும் சுற்றியது. "இப்படி ஒரு தலையை நான் பார்த்ததே இல்லை" என்று அவர் திகைத்து நின்றபோதுதான் எனக்கு அந்த வாசனை வந்தது. நல்லெண்ணெய்! "இண்டைக்குத் தலை முழுகிற நாள், காலமை எண்ணெய் வைச்சனான். கடை பூட்டமுதல் வரவேணுமெண்டு முழுகாமல் வந்திட்டம்" என்றார் அக்கா. பின்னாலிருந்த தொட்டியில், பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரைப் போட்டு அவரே மகளின் தலையைத் தேய்த்துவிட்டார். அந்தப் பெண் "அம்மா, ஸ்டாப் இட்!" என்று கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். காய வைத்து முதலில் போட்ட சைஸையே மாட்டினேன். கச்சிதமாகப் பிடித்தது.

பிறகு அக்கா கேட்டார், "தம்பி, இதைப் போட்டால் என்ர பிள்ளைக்கு மூளையிலை அடிபடாதோ?" என் திருச்சி நாக்கு "படவே படாதுக்கா" என்று சொல்லக் கிளம்பிவிட்டது. மெலே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "மண்டை உடையாதுக்கா. ஆனா பலமா மோதினா மூளை உள்ளே குலுங்கும். அதை எந்த ஹெல்மெட்டும் நிறுத்தாது" என்றேன். மதுரா என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். விற்பனை போச்சு, ஒரு பெண்ணின் ஆசையும் போச்சு என்று நினைத்தேன். அக்கா ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்ரநெற்றிலை விக்கிறவன் மூளைக்கு ஒண்டும் ஆகாது எண்டு எழுதியிருக்கிறான். நீங்கள் ஆகும் எண்டு சொல்லுறீங்கள். அப்ப உங்களிட்டையே வாங்குவம். ஆனா ஒருநாள் இவளுக்குத் தலையிலை அடிபட்டுதெண்டால் அண்டையோட விளையாட்டு முடிஞ்சுது. நீங்களும் கேட்டு வைச்சுக்கொள்ளுங்கோ."

பனியனிடம் தோற்றவர்

ரக்பிக்காரர்களுக்கு எங்கள் கடை ஒரு வேடிக்கை. போகிற போக்கில் உள்ளே வந்து, கவசங்களைத் தட்டிப் பார்த்து, "இதெல்லாம் எதுக்கு? நாங்க வெறும் உடம்போட ஆடுறோம்" என்று சிரித்துவிட்டு எதுவும் வாங்காமல் போவார்கள். உங்கள் கடைகளுக்கும் இப்படி ஆட்கள் வருவார்கள், தெரியும்.

அப்படி ஒருவர், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆகிருதி. பல் கார்டு வாங்க வந்த மதுராவைப் பார்த்து, "நீயா இதை ஆடுறே?" என்றார். அவள் ஒரு தோள் கவசத்தை எடுத்து நீட்டினாள். அவர் தலை வழியாக மாட்டினார். மேலே அணியின் பனியனையும் இழுத்துவிட்டோம். பனியன் கவசத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும், மோதுகிறவர் கையில் துணி சிக்கக்கூடாது என்பதற்காக. கண்ணாடியில் தன்னைப் பார்த்து ரொம்ப நேரம் ரசித்தார்.

கழற்றப் போகும்போதுதான் வினை. கை பாதி மேலே போய் நின்றுவிட்டது. முகம் பனியனுக்குள், குரல் மட்டும் வெளியே. இந்தச் சாமானின் அழகே அதுதான். இதைத் தனியாக மாட்டவும் முடியாது, தனியாகக் கழற்றவும் முடியாது, கூட ஆடுகிறவர் ஒருவர் வேண்டும். ஆட்டம் முடிந்து, களைத்துப் போன பெண்கள் ஒருத்தியை ஒருத்தி குனிய வைத்து உரித்துவிடுவதைச் சனிக்கிழமை தோறும் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. மதுரா அவரைக் குனியச் சொல்லி, பின்பக்கத் துணியைப் பிடித்து ஒரே இழுப்பில் உரித்துப் போட்டாள். அவர் முடியைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்தார்:

"இத்தனை வருஷ ரக்பியில எத்தனையோ பேர் கிட்ட தோத்திருக்கேன். ஒரு பனியன் கிட்ட தோத்தது இன்னிக்குத்தான்."

கண்ணை மூடி மோந்தவர்கள்

தோள் கவசத்தைப் பற்றி விளம்பரத்தில் சொல்லாத ஒன்று உண்டு. அது நாறும். வேர்வை பஞ்சுக்குள் இறங்கிவிட்டால் ஒரு மருந்தும் கேட்காது. இங்கே வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் அதைக் காருக்குள் வைத்துவிட்டு, பிறகு காருக்குள் உட்கார முடியாமல் தவிப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தார். "தம்பி, சட்டையைக் கழுவலாம், இதை என்ன செய்யிறது? சாம்பிராணி போட்டால் பழுதாகுமோ?" நெருப்புக்கு எட்டாமல் புகை மட்டும் காட்டினால் ஒன்றும் ஆகாது என்றேன். அவர் கராஜ் கதவைத் திறந்து வைத்து, கவசத்தைக் கொடியில் தொங்கவிட்டுப் புகை போட்டார். வீட்டுக்குள் புகை அலாரம் அலறியதாகக் கேள்வி. அடுத்த பயிற்சியில் எல்லோரும் மதுராவின் தோளை மோந்து பார்த்தார்கள். அதற்கடுத்த வாரம் அணியின் கவசம் மொத்தமும் கிளென்ஃபீல்டுக்குப் போய் மணத்துடன் திரும்பியது. ஆனால் மைதானத்துக்கு மட்டும் அக்கா வரவில்லை. "ஓம், புகை போடுவன். பிள்ளை மோதுறதைப் பாக்க என்னாலை ஏலாது" என்றுவிட்டார். மெலே பெட்டியைத் திறந்து ஆழமாக மூச்சிழுத்துவிட்டுச் சொன்னார்:

"இந்தப் பெட்டியைத் திறந்தா எல்லாரும் மூக்கைத்தான் மூடுவாங்க. கண்ணை மூடி ரசிக்கிறதை இப்பத்தான் பார்க்கிறேன். அந்த அம்மாவை எப்படியாவது ஒரு நாள் கூட்டிட்டு வா."

பெட்டிக்கு மேல்

கூட்டி வந்தேன். இறுதி ஆட்டத்துக்கு, மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம், மடக்கு நாற்காலியில், கையில் தேநீர்க் குடுவையோடு அக்கா. மதுரா அன்றைக்கு எறிந்த எறிகளைப் பார்த்து எதிரணி ஆட்களே கை தட்டினார்கள். அக்காவும் இரண்டு தரம் எழுந்து நின்றார்.

அப்போதுதான் அவள் மேல் ஒருத்தி பாய்ந்தாள். தலை தரையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. மதுரா உடனே எழுந்துவிட்டாள், ஒன்றுமில்லை என்று கையைக் கூடக் காட்டினாள். பந்து எறிகிற எங்கள் முறை முடிந்து வெளியே வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துத் தண்ணீர் குடித்தாள். "ஸ்கோர் என்ன?" என்றாள். சொன்னேன். தண்ணீர்ப் புட்டியை மூடிவிட்டு மறுபடியும், "ஸ்கோர் என்ன?" என்றாள்.

மெலே எனக்கு முதலிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். மூளை குலுங்கியதோ என்று சந்தேகம் வந்தால் வாதாடாதே, ஹெல்மெட்டை எடுத்துவிடு. ஹெல்மெட் இல்லாதவரை நடுவர் உள்ளே விட மாட்டார். நான் எடுத்துப் பெட்டிக்குள் போட்டு, மூடி, மேலே உட்கார்ந்துகொண்டேன். மதுரா தேடினாள், புரிந்துகொண்டாள். கடையில் ஒரு நாளும் ஆங்கிலம் தவிர வேறு பேசாத பெண், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தமிழில் அழுதாள். "அண்ணா, தாங்கோ. அம்மாவுக்குத் தெரிஞ்சா இனி விட மாட்டா. ப்ளீஸ் அண்ணா." எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை அக்கா சொன்னது எனக்கும் சேர்த்துத்தானே? இந்தப் பெட்டியின் மேல் நான் இப்படி உட்கார்ந்துவிட்டால் அவளுடைய விளையாட்டு இன்றோடு முடிந்த மாதிரிதான். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. மெலே ஒரு தரம் திரும்பிப் பார்த்தார், தலையசைத்தார், வேறொருத்தியை உள்ளே அனுப்பினார். அந்தப் பெண் எறிந்ததெல்லாம் எதிரணி கைக்குத்தான் போனது. தோற்றோம்.

அதற்குள் அக்கா கயிற்றைத் தாண்டி வந்துவிட்டார். மகளை உட்கார வைத்து, கண்ணைப் பார்த்தார், விரலைப் பின்தொடரச் சொன்னார், எதையெல்லாமோ கேட்டார். "ஒஸ்பிட்டலுக்குப் போவம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்கை அது?" என்று கையை நீட்டினார். பெட்டியிலிருந்து எழுந்து, ஹெல்மெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தலையை நிமிர்த்தி அவரைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை. கார் கதவைத் திறந்து மகளை உட்கார வைத்துவிட்டு, ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அக்கா சொன்னார்:

"டொக்டர் சரியெண்டு சொல்லுமட்டும் இது எங்கட வீட்டு அரிசி வாளிக்குள்ளை இருக்கும். பிறகு நானே கொண்டந்து இவளின்ர தலையிலை மாட்டுறன். அடிபட்டால் முடிஞ்சுது எண்டு நான் சொன்னது, இவளிட்டை இருந்து இதைப் பறிக்க அங்கை ஒருத்தரும் இருக்கமாட்டினம் எண்டு பயந்துதான். அண்டைக்கும் அந்தப் பெட்டிக்கு மேலை நீங்கள்தான் இருக்கவேணும், தம்பி."

திருச்சியில் வருஷக்கணக்காகத் தலை தலையாக ஹெல்மெட் மாட்டிவிட்டு வாங்காத நல்ல பேரை, இங்கே ஒரே ஒரு ஹெல்மெட்டைக் கொடுக்காமல் பெட்டி மேலே உட்கார்ந்து வாங்கியிருக்கிறேன்.