மடிப்பு மேஜைக்கு விழுந்த பூஜ்யம்

கட்டைவிரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு கம்ப்யூட்டரைத் தட்டுகிறாள் இரம். நேற்று கட்டிங் செக்‌ஷனில் கத்தி பிடித்துப் பார்த்த பலன். என் ஷூ கம்பெனியின் சம்பளக் கணக்கை ஆராய வந்த, புள்ளியியல் படித்த பெண். எந்த வேலைக்கு மதிப்பெண் போடுவதானாலும் அரை நாள் அந்த வேலையில் உட்கார்ந்தாக வேண்டும். "செஞ்சி பாக்காம போட்டா அது மார்க் இல்ல சார், ஜோசியம்" என்பாள்.

ஆம்பூரில் என்னைத் தெரியாதவர் கிடையாது. மூன்றாம் வகுப்போடு நின்று, ஈரத்தோல் சுமந்து, இன்றைக்கு அறுநூறு பேருக்குச் சம்பளம் போடுகிறேன். ஒருத்தன் தோலைத் தொடும் விதத்திலேயே அவன் கூலி என்னவென்று சொல்லிவிடுவேன். ஆனால் ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரன் கேட்டுவிட்டான், ஆண்கள் வேலைக்கும் பெண்கள் வேலைக்கும் சம்பளம் நியாயமா என்று. அதற்காக வந்தவள்தான் இவள்.

அவள் வித்தைக்குப் பேர் ரிக்ரெஷன். பழக எவ்வளவு காலம், என்ன பலம், என்ன பொறுப்பு, என்ன ஆபத்து என்று வேலைக்கு வேலை மதிப்பெண். அதையும் சம்பளத்தையும் வைத்து வேலைக்கு ஒரு புள்ளி; மதிப்பெண் கூடினால் அது வலப்பக்கம் போகும், சம்பளம் கூடினால் மேலே. புள்ளிகளுக்கு நடுவே கம்ப்யூட்டர் கோடு இழுக்கும். பெண்கள் வேலையின் புள்ளி கோட்டுக்குக் கீழே கிடந்தால், அந்தப் பள்ளம்தான் ஏற்ற வேண்டிய சம்பளம். எனக்கு ஒரே தடவையில் புரிந்தது. மேனேஜர் வக்கார் அகமதுவுக்கு இன்னும் சந்தேகம்.

கம்பெனி கொடுத்த மதிப்பெண்களை வைத்துப் போட்ட முதல் கணக்கில், தோலின் ஓரத்தில் பசை தடவி மடித்து ஒட்டும் மடிப்பு மேஜைப் பெண்கள் கச்சிதமாகக் கோட்டிலேயே இருந்தார்கள். "பாத்தியாம்மா, என் கூலி தராசு மாதிரி" என்று மீசையைத் தடவினேன். இரம் எழுந்து மடிப்பு மேஜையில் போய் உட்கார்ந்தாள்.

அவள் மடித்ததெல்லாம் சுருக்கம். "இன்னா மேடம் இது, ஷூவா அப்பளமா?" என்றாள் பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த பட்டம்மாள். மேஜையே சிரித்தது, இரமும் சேர்ந்து.

"நீங்க எப்டிக்கா பழகுனீங்க?"

"எங்கம்மா வூட்டுலயே, பீஸுக்கு இவ்ளோன்னு தோல மடிச்சித் தைக்கும். பக்கத்துல குந்தி வருஷக்கணக்கா கத்துக்கினேன். அப்பறம்தான் கம்பெனி."

இரம் நேரே என் அறைக்கு வந்தாள். "சார், மடிப்புக்குப் பழகற காலம் பூஜ்யம்னு போட்டது யாரு?"

"நான்தான். கட்டிங் பசங்களுக்கு ரெண்டு வருஷம் சம்பளம் குடுத்துக் கத்துத் தர்றேன். இவங்க தெரிஞ்சிகினே வர்றாங்க. எனக்கு இன்னா செலவு?"

"செலவு அவங்க அம்மாவுக்கு. வேலைக்கு மார்க் போடச் சொன்னா, உங்க செலவுக்குப் போட்டிருக்கீங்க சார்."

வக்காருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

பூஜ்யத்தை மாற்றினாள். புள்ளி வலப்பக்கம் நகர்ந்தது. கோடு அதன் தலைக்கு மேலே போய்விட்டது. ஆளுக்கு மாதம் ஆயிரத்து எண்ணூறு பள்ளம். மேஜையில் அறுபது பேர். மனசுக்குள்ளேயே பெருக்கினேன், எனக்குக் கால்குலேட்டர் வேண்டாம்.

"ரொம்ப ஜாஸ்தி சார்" என்றான் வக்கார்.

"தீபாவளிக்குப் பாத்துக்கலாமே" என்றேன்.

"தீபாவளிக்கு போனஸ் குடுங்க. இது அவங்க சம்பளம்."

சம்பளத்தை ஏற்றும் உத்தரவுத் தாளை என் முன்னால் வைத்தாள் இரம். என் பேனாவைத் திறந்து கையில் கொடுத்தாள். மூடியை மட்டும் தன் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு நின்றாள். நான் கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதி நிமிர்ந்த பிறகுதான் விரல்களைப் பிரித்து அதை நீட்டினாள்.