இறகுத் தூண்டிலைத் தொடாத மீன்கள்

2008-ஆம் ஆண்டு, ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சூளகிரிக்கு அருகே ஒரு தக்காளித் தோட்டத்தின் பண்ணைக் குட்டையில் இது நடந்தது.

அப்போது நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். மூக்கண்டப்பள்ளியில் என் பக்கத்து வீட்டில் குடியிருந்த நண்பர் நீலகிரிக்காரர். மலை ஓடைகளில் இறகுத் தூண்டில் வீசிப் பழகியவர். அந்தத் தூண்டிலில் மண்புழு கிடையாது, ஈயக் குண்டு கிடையாது. சேவலின் கழுத்து இறகை முள்ளில் நூலால் சுற்றி, பூச்சி போலக் கட்டியிருப்பார். முள்ளுக்குக் கனமே இல்லாததால், தடித்த நூலின் கனம்தான் அதைத் தூக்கிச் செல்ல வேண்டும். கோலைப் பின்னால் வீசி, நூல் முழுதாக விரியும்வரை பொறுத்து, பிறகு முன்னால் வீச வேண்டும். அந்தப் பொறுமைதான் எனக்கு வரவில்லை. மொட்டை மாடியில் பழகும்போது முள்ளைக் கொடிக் கம்பியிலேயே பல முறை மாட்டினேன்.

குட்டையின் சொந்தக்காரர் எங்கள் ஆலையிலேயே லேத் ஓட்டுபவர். ஷிப்டு போக மீதி நேரம் விவசாயம். அந்த வருடம் தக்காளி விலை போகவில்லை. சொட்டு நீருக்காக வெட்டிய குட்டையில் கட்லா, ரோகு மீன்களை விட்டிருந்தார். அடுத்த வாரம் வலை போட ஆள் சொல்லியாகிவிட்டது. அந்த வருமானத்தைத்தான் குடும்பம் நம்பியிருந்தது. “ஒரு வாரமா விடிகாலைல மேல வந்து வாயப் பொளக்குதுங்க சார், அவ்ளோ பசி. நீங்க வந்து சும்மா வீசுங்க” என்று கூப்பிட்டிருந்தார்.

விடியும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். பல நாட்களாக வெயிலே இல்லாத மூடிய வானம். காற்றும் இல்லை. தோட்டக்காரரின் மனைவி இறகு முள்ளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கறிய நாம தின்னுட்டு எறக அதுக்குப் போட்டா, மீனு என்ன அவ்ளோ ஏமாளியா?” என்றார். கணவரிடம் தெலுங்கிலும் ஏதோ சொல்ல, அவர் சிரித்தார்.

குட்டையைப் பார்த்ததும் நான் அசந்து நின்றேன். நீர்ப்பரப்பு முழுவதும் வட்ட வட்டமாகத் திறந்த வாய்கள்.

கரையில் நடந்தால் அதிர்வு தண்ணீருக்குள் போகும் என்று நண்பர் எங்களை உட்கார வைத்தார். மீன் கண்ணில் படாமல் குனிந்து, நடுக்குட்டையை விட்டுக் கரையோரமாகவே வீசினார். நூல் காற்றில் ஒரு வளையமாய் விரிந்தது. இறகு சத்தமில்லாமல் ஒரு மீனின் வாய்க்கு முன்னால் அமர்ந்தது. மீன் தொடவில்லை. நூலைச் சற்றே சுண்டினார். இறகு அதன் உதட்டிலேயே உரசியது. அது விலகக்கூட இல்லை.

நண்பர் எழுந்து கரையோரம் வேகமாக நடந்தார். ஒரு மீன்கூடக் கலையவில்லை. கோலைக் கீழே வைத்தார்.

“இது பசி இல்லங்க. மூச்சு முட்டுது. தண்ணில காத்து இல்ல.”

தோட்டக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. பசி என்று நினைத்துத் தவிடும் கோழி எருவும் தினமும் கூட்டிப் போட்டிருந்தார். அது அழுகி, இருந்த காற்றையும் தின்றுவிட்டது. மோட்டார் போடலாம் என்று ஓடினார். மின்வெட்டு.

“எறங்குங்க. மேல் தண்ணிய மட்டும் அடிங்க, காத்து சேரட்டும். அடிச் சேத்தக் கலக்கிடாதீங்க” என்றார் நண்பர்.

எனக்கு நீச்சல் தெரியாது. தொடையளவு ஆழத்தில் நின்றேன். தோட்டக்காரரின் மனைவி கொண்டு வந்த குண்டாவிலும் பக்கெட்டிலும் நீரை மொண்டு உயர வீசினோம். அது சிதறி விழுந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கை மரத்துப் போனது. ஓரத்தில் இரண்டு மூன்று பெரிய மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. அவற்றைப் பார்க்காமல் தோட்டக்காரர் அடித்துக்கொண்டே இருந்தார்.

அப்போது என் முழங்காலில் ஏதோ சாய்ந்தது. குனிந்து பார்த்தேன். நீர் சிதறி விழும் இடத்தைத் தேடிக் குட்டையின் மீன்களெல்லாம் எங்களைச் சுற்றி நெருங்கியிருந்தன. கைக்கெட்டும் தூரத்தில் கட்லாக்களின் அகன்ற தலைகள். ஒன்று என் தொடையில் உடம்பைச் சாய்த்தபடியே மூச்சு வாங்கியது. அதன் செவுள் திறந்து மூடுவது என் தோலில் தெரிந்தது.

“நகராதீங்க சார், இருக்கட்டும்” என்றார் தோட்டக்காரர், மெதுவாக.

மின்சாரம் வந்ததும் குழாயை உயரத் தூக்கிக் கட்டிப் பாய்ச்சினார்கள். மேகம் விலகி வெயிலும் விழுந்தது. வாய்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. என் காலில் சாய்ந்திருந்த கனமும், எப்போது என்று தெரியாமல், போய்விட்டது. கரையேறிய எங்களுக்கு அவர் மனைவி துண்டு கொடுத்தார். மறுவாரம் திட்டமிட்டபடி வலை போட்டார்கள். அன்று மிதந்த இரண்டு மூன்று தவிர எல்லாம் பிழைத்திருந்தன.

எங்களுக்கும் ஒரு மீன் கொடுத்தனுப்பினார்கள். நண்பர் வீட்டில் சமைத்தார்கள், நானும் சாப்பிட்டேன். ஆனால் தன்னைப் பிடிக்க வந்தவன் காலிலேயே சாய்ந்து மூச்சு வாங்கிய அந்த மீனின் கனம், இன்றும் எந்தக் குளக்கரையில் நின்றாலும் என் முழங்காலுக்கு நினைவு வருகிறது. அப்போது வாய் திறந்து நிற்கும் எந்த உயிரையும் அவசரப்பட்டுப் பசி என்று எண்ணிவிட எனக்குத் துணிவு வருவதில்லை.