டம்ளரில் இடிக்கும் பல்

இன்று காலை என் மகள் பால் குடிக்கும்போது, கோணலாக முளைத்த அவள் மேல் பல் எவர்சில்வர் டம்ளரில் 'டிங்' என்று இடித்தது. அவள் வயதில் எனக்கும் அதே பல், அதே சத்தம்.

மேல் பல் கோணினால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள் எங்கள் பக்கம். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனிக்கு மாமா கிளம்பும்போதெல்லாம் அத்தை என் வாயைப் பொத்திவிடுவாள். அவள் கையில் மஞ்சளும் பூண்டும் மணக்கும். மாமாவோ சைக்கிளை நிறுத்தி, "இன்னாடி கோணப்பல்லு, மாமனுக்கு ஒரு சிரிப்பு குடு" என்பார்.

"சொம்மா இருய்யா, நெருப்பாண்ட நிக்கிற ஆளு நீ!" என்று அத்தை கத்துவாள்.

ஒருநாள் அவள் கையைத் தள்ளிவிட்டுச் சிரித்தேன். அன்றைக்கு உலையிலிருந்து இரும்புக் குழம்பு தெறித்து மாமாவின் தோள் வெந்துபோனது. யாரும் என்னைத் திட்டவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என் வாயைத்தான் பார்த்தார்கள். அந்தப் பல் விழுந்து நேராக முளைத்த பிறகும் நான் வாய்விட்டுச் சிரித்ததில்லை.

என் தம்பிக்கும் இப்போது அப்படிப்பட்ட கம்பெனியில்தான் வேலை. பால் குடித்து முடித்தவளிடம் வாசலிலிருந்து, "பாப்பா, மாமாக்கு டாட்டா சொல்லு" என்றான். என் கை தானாக அவள் வாய்க்குப் போனது.

"இன்னாக்கா, நீ கூடவா?" என்றான்.

'முருகா' என்று கையை எடுத்தேன். பல் தெரிய அவள் சிரித்தாள். அவனும் சிரித்துக்கொண்டே போனான்.

இருட்டி வெகுநேரமாகியும் அவன் இன்னும் வீடு திரும்பவில்லை. முருகன் படத்தின் முன் ஏற்றிய விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன்.