நாங்கள் தாண்டிப்போன பாடம்

எழுபதுகளின் கடைசி. தோட்டப் பாடசாலைகளை இலங்கை அரசாங்கம் பொறுப்பெடுத்த புதிதில், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்கு முதல் நியமனம் கிடைத்தது. பதுளை டவுனில் வளர்ந்தவள் நான். வயது இருபத்திரண்டு, வாய் மட்டும் நாற்பது.

ஏழாம் வகுப்புச் சுகாதாரப் புத்தகத்தில், பிள்ளைகள் பெரியவர்களாவது பற்றி ஒரு பாடம் இருந்தது. அதிபரிடம் கேட்டேன். "அதத் தாண்டிப் போயிருங்க டீச்சர். லயத்து வீட்டுத் தொழிலாளிங்க சண்டைக்கு வந்திருவாங்க" என்றார். உள்ளுக்குள் எனக்குப் பரம சந்தோஷம். ஆண்பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? நேரே அடுத்திருந்த பல் துலக்கும் பாடத்துக்குப் போய்விட்டேன்.

மழைக்காலம் வந்தது. தேயிலைக்குள்ளே குறுக்குவழியில் நடந்து வரும் பிள்ளைகளின் காலில் அட்டைக்கடி இல்லாத நாளே கிடையாது. அதற்கென்றே மேசை லாச்சியில் உப்புப் பொட்டலம் வைத்திருப்பேன். ஒரு காலை, வகுப்பிலேயே கெட்டிக்காரியான ஒருத்தி வந்து, "அட்டை கடிச்சிருச்சு டீச்சர், ரத்தம் நிக்க மாட்டேங்குது" என்றாள். கணக்குக் கொப்பி திருத்திக்கொண்டிருந்த நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. உப்பை நீட்டி, "போய்க் கழுவிட்டு வா" என்றேன். மறுநாளும் வந்து உப்புக் கேட்டாள். கொடுத்தேன். மூன்றாம் நாள் ஆள் வரவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரியில் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். அட்டை வயிற்றுக்குள் போய்விட்டது, இனிச் செத்துவிடுவோம் என்று பயந்து, அதைக் கொல்வதற்காக உப்பைக் கரைத்துக் கரைத்துக் குடித்திருக்கிறாள். வாந்தியெடுத்து மயங்கியவளைப் பார்த்த, தோட்டத்தில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுதான், பிள்ளை வயசுக்கு வந்திருக்கிறாள் என்று கண்டுபிடித்தார். இன்னும் கொஞ்சம் குடித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று அவர் சொன்னார். அந்த உப்பை என் கையால்தானே கொடுத்தேன்.

மலையில் கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்த தாய் என்னைத் திட்டவில்லை. "பெத்தவ நான் இதையெல்லாம் எப்படிங்க எடுத்துச் சொல்றது, வெக்கமா இருக்காதா? படிச்சவங்க, நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள். வீட்டில் சொல்லியிருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தலைகுனிந்து வந்தேன்.

அந்த வாரமே அதிபரைப் பிடித்தேன். சண்டை வந்தால் வரட்டும், தாய்மாரைக் கூப்பிட்டுக் கேட்போம் என்றேன். முனகிக்கொண்டே சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை முப்பது பெண்கள் வந்தார்கள். பக்கத்தில் மருத்துவமாதுவை வைத்துக்கொண்டு பாடத்தை வாசித்தேன். அதிபர் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தார். அப்போது நாலு பிள்ளை பெற்ற ஒருத்தி தயங்கித் தயங்கி, "இது ஏன் டீச்சர் மாசாமாசம் வருது? எங்களுக்கும் யாரும் சொன்னதில்ல" என்று கேட்டாள். அவ்வளவுதான், அதன்பிறகு கேள்விகள் நிற்கவே இல்லை. பாதிக்கு எனக்கே பதில் தெரியாது. மருத்துவமாது சொல்லச் சொல்ல, அவர்களோடு சேர்ந்து நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றே பள்ளிக்கூடத்துக்கு ஒரு விதி எழுதினோம். ஆறாம் வகுப்பிலேயே இந்தப் பாடம் நடக்கும். பெண்பிள்ளைகளுக்கு மருத்துவமாதுவும் நானும், ஆண்பிள்ளைகளுக்கு அதிபரே. இதை எழுதும்போது அவருக்கு வியர்த்துக் கொட்டியது. விரும்புகிற தாய்மார் கூட வந்து உட்காரலாம். சடங்கு முடிந்ததும் பிள்ளையைப் படிப்பை நிறுத்தாமல் திரும்ப அனுப்ப வேண்டும் என்ற கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது உப்புக் குடித்த பிள்ளையின் தாய். சொன்னபடியே மகளை அனுப்பியும் வைத்தாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

இதெல்லாம் வீட்டில் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம் என்று இன்றைக்கும் யாராவது சொன்னால், உங்கள் வீட்டில் யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்று விடாமல் கேட்கிறேன்.