திங்கட்கிழமைப் பட்டினி

மட்டாஞ்சேரியில் காமாக்ஷி வீட்டு அடுப்பு வாரத்தில் நான்கு நாள்தான் ஒழுங்காக எரியும். மற்ற நாட்கள் விரதம். திங்கட்கிழமை, கணவர் லக்ஷ்மிநாராயணனின் ஆயுளுக்கு. வியாழன், மகன் வெங்கிடேஷுக்கு வேலை கிடைக்க. சனிக்கிழமை, மகள் ஸாதனாவுக்கு நல்ல இடம் அமைய. வெங்கிடேஷ் கனடா போய், வேலையில் உட்கார்ந்து, தலையில் வழுக்கையும் விழுந்தாயிற்று. ஸாதனா கல்யாணமாகிப் பக்கத்திலேயே தேவராவில் குடித்தனம் நடத்துகிறாள். ஜூ டவுன் மிளகுக் கம்பெனியில் கணக்கெழுதிய லக்ஷ்மிநாராயணனோ, முந்தின வருஷம் ஒரு காலையில் காபி குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. விரதம் மட்டும் நின்றபாடில்லை. கேட்டது கிடைத்த பிறகும், கேட்ட ஆயுளே முடிந்த பிறகும் யாராவது பட்டினி கிடப்பார்களா? காமாக்ஷி கிடந்தாள்.

அவளுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பக்தியாவது மண்ணாங்கட்டியாவது! கணவர் போன அன்று அவளுக்கு அழுகை வரவில்லை. காரியமெல்லாம் முடிந்தும் வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காபி கலந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது. தேங்காய் அரைத்துவிட்டு மொளகூட்டல் வைத்தாலும் சரி, வெறும் மோர் சாதமானாலும் சரி, எல்லாம் ஒன்றுதான். திங்கட்கிழமை மத்தியானம் வயிறு சுருட்டி இழுக்கும்போது மட்டும், அவருக்கு இன்னும் ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்றிருக்கும். அதை விட அவளுக்கு மனசு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காய்கறிக் கடையிலிருந்து திரும்பும்போது கண் இருட்டி நடுத்தெருவில் விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட டாக்டர் பெண் மலையாளத்தில் கெஞ்சாத குறைதான்.

"அம்மே, எல்லொக்கே தேஞ்ஞு போயி. இனி பட்டினி வேண்டா, கேட்டோ."

எலும்பு தேய்ந்து கிடக்கிறது, அடுத்த தடவை விழுந்து இடுப்பு போனால் படுக்கைதான் என்று ஸாதனாவிடம் தனியாகவும் சொன்னாள். மூன்று வேளையும் சாப்பிட வேண்டும். பயறு, தயிர், எள்ளு, கீரை எல்லாம் சேர வேண்டும். காலை வெயிலில் கொஞ்சம் நடக்க வேண்டும். அறுபத்தெட்டெல்லாம் ஒரு வயசா, இன்னும் எத்தனையோ காலம் ஓடியாடலாம் என்றாள். காமாக்ஷி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சுவர் இருந்தால்தானே சித்திரம் என்று தானே வேறு எடுத்துச் சொன்னாள். வாய்க்கென்ன, எதையும் சொல்லும்.

வியாழனையும் சனியையும் விட்டாள். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், சாமிக்கும் அது தெரியும். திங்கட்கிழமையை மட்டும் விடவில்லை.

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் ஸாதனா சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்றாள். அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

"எந்தாம்மா இது? டாக்டர் அத்தனை பறஞ்சும் உன் மண்டைல ஏறலையா?"

"ராத்திரி பழமும் பாலும் உண்டு. சும்மா கத்தாதே."

"அப்பா போயாச்சும்மா. இந்தப் பட்டினி ஆருக்காக்கும்?"

காமாக்ஷி காய்ந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். ஸாதனா டப்பாவைத் திறந்து அம்மா பக்கம் நகர்த்திப் பார்த்தாள். பிறகு திறந்த டப்பாவை மூடிவைத்தாள்.

"சரி. உன் ஆயுசுக்காக இனிமே நானும் திங்கக்கிழமை சாப்பிடப் போறதில்லை."

வெறும் வீம்பு, ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்று காமாக்ஷி நினைத்தாள். ஆறவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஸாதனா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, இங்கேயே உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்தாள். தண்ணீர் தவிர ஒன்றும் தொடவில்லை. அதற்கடுத்த திங்களும் அப்படியே. சின்ன வயசிலிருந்தே அவளுக்குப் பசி ஆகாது. வேளை தப்பினால் ஒற்றைத் தலைவலி வந்து வாந்தியில் கொண்டு விடும். அன்றைக்கு அதுவே ஆயிற்று. குளியலறையில் குமட்டி எடுத்துவிட்டு, முகம் வெளுத்து, சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

காமாக்ஷிக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. அவளுக்குக் கோபம் வந்தே எத்தனையோ காலமாகியிருந்தது.

"உன்னை ஆருடி கேட்டா? நீ வயத்தைக் காயப்போட்டு நான் நன்னா இருக்கணுமா? நீ இப்படிக் கெடக்கறதைப் பாத்துண்டு என் தொண்டைல என்னடி எறங்கும்?"

ஸாதனா கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "அப்பாவுக்கும் எறங்கலைம்மா."

"என்ன சொல்றே?"

"திங்கக்கிழமையானா நீ காஞ்ச வயத்தோட நின்னு பரிமாறுவியே, அப்பாவுக்கு ஒரு உருண்டை உள்ள போகாது. பாதியைத் தட்டுலயே வெச்சுட்டு எழுந்துண்டுடுவார். பசியில்லைன்னு உன்கிட்ட பொய் சொல்லுவார். என்கிட்ட பறஞ்சிருக்கார்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா விட்டிருப்பியோ?"

விட்டிருக்க மாட்டாள். உங்கள் ஆயுளுக்காகத்தானே என்று அவர் வாயை அடைத்திருப்பாள். மீந்த சோற்றைக் கொட்டும்போதெல்லாம், மனுஷனுக்கு நாக்கு நீளம், விரதச் சமையல் பிடிக்கவில்லை என்று முணுமுணுத்தவள்தான் அவள். அத்தனை திங்கட்கிழமையும் அந்த மனுஷனையும் அல்லவா பட்டினி போட்டிருக்கிறாள்! பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். கட்டுப் பிரித்த கை இன்னும் வலித்தது. சாதம் வைத்து, சிறுபயறை வேகவைத்துத் தேங்காய் அரைத்து விட்டு, தயிரையும் எடுத்துவைத்து, இரண்டு தட்டில் போட்டாள்.

"நீ முதல்ல," என்றாள் ஸாதனா. பிடிவாதத்தில் தாயை உரித்து வைத்திருந்தாள்.

காமாக்ஷி பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டாள். விழுங்குவதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் போன அன்று வராத அழுகை, பக்கத்து வீடு கேட்கும்படி வந்தது. ஸாதனா பதறிப்போய்த் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள்.

"உட்காருடி! சாப்பிடு," என்று அதட்டினாள் காமாக்ஷி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அடுத்த வாய்க்குச் சோற்றைப் பிசைந்தாள்.